கள்ளி பூக்கட்டும்

அந்த வீட்டில் நடக்காத காரியத்துக்கெல்லாம் ஒரே கெடு: கள்ளி பூக்கும்போது. வெல்டிங் பட்டறையில் அப்பாவுக்குச் சம்பளம் கூட்டுவது, குளியலறைக் குழாய் ஒழுகாமல் நிற்பது எல்லாம் கள்ளி பூக்கும்போதுதான். கூடத்து அலமாரி மேல், டியூப்லைட்டுக்குக் கீழே பட்டை பட்டையாகத் தொங்கிய அந்த முள்ளில்லாத கள்ளியை வாங்கி வந்தவள் அம்மா. குளிர்காலத்தில் பூக்கும் என்று சொல்லி விற்றார்களாம். எத்தனையோ குளிர்காலம் வந்து போயிற்று. அது அசைந்து கொடுக்கவில்லை.

அம்மா கோபித்துக்கொண்டு வேறு ஊரில் தையல் கம்பெனியில் சேர்ந்தபோது, செடியை விட்டுவிட்டுப் போனாள். மகளையும்தான். அப்பா கை நீட்டுகிறவர் இல்லை. ஆனால் கோபம் வந்தால் தட்டு பறக்கும். யார் மேல் விழும் என்று அந்தத் தட்டுக்கே தெரியாது. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பெண் தன் அறைக்குள் போய்விடுவாள். என்னையும் கூட்டிட்டுப் போ என்று போனில் அழுதாள்.

"பாப்போம்டி, முதல்ல அந்தக் கள்ளி பூக்கட்டும்" என்றாள் அம்மா.

அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெள்ளத்தில் போகிறவளுக்குத் துரும்பும் துணை.

செல்போனில் தேடிப் படித்தாள். அதற்கு வேண்டியது இருட்டாம். நடுவில் விளக்கே படாத நீளமான ராத்திரி. கூடத்தில் அது எங்கே கிடைக்கும்? செடியைத் தன் அறை ஜன்னலுக்கு மாற்றினாள். மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்; ஈரம் அதிகமானால் அழுகிவிடுமாம். பொழுது சாய்ந்ததும் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுவாள். விடிந்த பிறகுதான் எடுப்பாள்.

ஒருநாள் அப்பா பெட்டியைத் தட்டி, உள்ளே என்ன பூனையா என்று கேட்டார். செடி என்றாள். செடிக்கும் இந்த வீட்டு மூஞ்சிகள் பிடிக்கவில்லை போல என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அதுவே பெரிய புண்ணியம்.

பட்டைகளின் நுனியில் அரிசி மாதிரி மொட்டு விட்டது. பிறகு செக்கச் செவேலென்று பூத்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்; துணிகளை மடித்துப் பையில் அடுக்கினாள். அடுத்த ஞாயிறு, அப்பா பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அம்மா வந்தாள்.

பூவைத் தொட்டுத் தொட்டு ரசித்தவள், கட்டில் மேலிருந்த பையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். கம்பெனி விடுதி அறையில் மூன்று கட்டில், மூச்சுவிட இடமில்லை என்றாள். வார்டன் ஒரு மாதிரி என்றாள். படிப்பு கெட்டுவிடும் என்றாள்.

"பூத்துடுச்சேம்மா."

"நான் என்னத்தக் கண்டேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி அது."

பெண் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அதுல ஒரு கிளை ஒடிச்சுக் குடேன்" என்றாள் அம்மா. "ஜன்னல்ல வெச்சுக்கறேன்."

"அதுக்கு மட்டும் இடமிருக்கா?"

அம்மா தலை குனிந்தாள். பெண் பூவோடு ஒரு கிளையைத் திருகி எடுத்து, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தாள். இதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அம்மா கேட்டாள்.

"தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்து. மண்ணு காயவே கூடாது."

அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பூ நசுங்காமல் மடியில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.