அடைப்புக்குறிக்குள் நாற்பத்து நான்கு பேர்

நான் உள்ளே போய் உட்கார்ந்தபோது மணி ஒன்று நாற்பத்தொன்பது. அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே, அவையின் நட்டநடுவில் ஒரு நீள மேசை. சுருக்கெழுத்துக்காரர்களான எங்களுக்கு அதுதான் இடம். ஆளுக்கு ஐந்து நிமிடம். அடுத்தவர் ஒரு நிமிடம் முன்னதாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் எழுதத் தொடங்கிவிட வேண்டும். முன்னவர் எழுந்து போகிற நேரத்தில் ஒரு சொல்லும் கீழே சிந்திவிடக் கூடாதே, அதற்காக அந்த ஒரு நிமிடம். பதினேழு வருடமாக இப்படி ஐந்தைந்து நிமிடமாக இந்த நாட்டின் பேச்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறகு மாடிக்கு ஓடிப்போய், எழுதியதைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, மறுபடி கீழே வர வேண்டும். எது நியாயம், எது அநியாயம் என்று யோசிக்க அதில் நேரம் கிடையாது. யோசிக்காமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றும்.

அன்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. காலையில் வாசல் காவலரிடம் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோதே அக்கா போன் செய்துவிட்டாள். "இன்னைக்குத்தானேடி அது வருது?" என்றாள். "ஆமாக்கா, மத்தியானம்" என்றேன். போனில் அவளுக்குப் பின்னால் மாமாவின் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். கல்லை மாவாக அரைக்கிற ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஆறு வருடம் முன்பு மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வேலையிலிருந்து நின்றுகொண்டார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்ததில், கம்பெனி அரைத்த கல்லில் பாதியை இவர்தான் உள்ளே வைத்திருந்தார் போலிருந்தது. சட்டப்படி அந்த வியாதிக்குக் கம்பெனிதான் வைத்தியம் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூக்கில் குழாயோடு உட்கார்ந்து, என்னைச் 'சர்க்கார் காது' என்று கேலி செய்யும் அளவுக்கு அந்த மனிதரை அந்த மெஷின் வைத்திருந்தது. இப்போது சட்டத்துக்கு ஒரு திருத்தம். வேலையை விட்டு இரண்டு வருடம் தாண்டியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். கல்தூள் நுரையீரலில் குடியேறி வியாதியாகத் தலைகாட்டவே பத்து வருடம் ஆகும் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். அதனால்தான் இரண்டு வருடம் என்று வைத்திருக்கிறார்கள். போன வாரம் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, மெஷினின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைக் குனிந்து குறித்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க, சட்டம் பாஸாயிட்டா எடுத்துட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனாராம்.

மந்திரி மசோதாவைத் தலை நிமிராமல் வாசித்தார். ஒரு முறைகூட 'நோய்' என்ற சொல் வரவில்லை. 'பொறுப்புக் கால வரையறை' என்று வந்தது. என் விரல் அதையும் எழுதியது. சாப்பாட்டு நேரம் என்பதால் ஆளும் கட்சிப் பக்கம் காலி நாற்காலிகள் பல்லை இளித்தன. கை எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு வேலை இல்லை, எண்ணினேன். அந்தப் பக்கம் இருபத்தொன்பது பேர். அதில் இருவர் தூக்கம். எதிர்ப்பக்கம் நாற்பத்து நான்கு. இன்னொரு முறை எண்ணினேன். தோற்றுவிடும், இந்த மசோதா தோற்றுவிடும், மெஷின் கட்டில் பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்தபோது கை ஒரு நொடி நின்றுவிட்டது. பதினேழு வருடத்தில் நான் விட்ட முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். அது மந்திரியின் 'நன்றி' என்பதால் நாட்டுக்கு நஷ்டமில்லை.

"ஆதரிப்பவர்கள் ஆம் என்க" என்றார் அவைத்தலைவர். சோர்வாக ஒரு ஆம் வந்தது. "எதிர்ப்பவர்கள் இல்லை என்க" என்றார். நாற்பத்து நான்கு பேரும் சேர்ந்து இல்லை என்றார்கள். மேசையில் கை வைத்திருந்த எனக்கு மரம் அதிர்வது தெரிந்தது. தூங்கிய இருவரும் விழித்துக்கொண்டார்கள். அவைத்தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ஆம் என்போரே அதிகம்" என்றார்.

எங்கள் அவையில் ஒரு விதி உண்டு. குரலை வைத்துச் சொன்ன முடிவில் சந்தேகம் என்று ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து எண்ணிக்கை கேட்டாலும் போதும், தலையை எண்ணியே ஆக வேண்டும். அப்படிக் கேட்டது பதிவேட்டில் இருந்தால், எண்ணாமல் நிறைவேற்றிய மசோதா செல்லாது. எழுந்து கேட்டார் ஒருவர். முன்பு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். "எண்ணிக்கை வேணும் தலைவரே! நான் என் இடத்துலதான் நிக்கிறேன். எண்ணுங்க!" அவர் முன்னால் இருந்த மைக்கின் விளக்கு அணைந்துவிட்டது. அவர் மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் பன்னிரண்டு அடி. மைக் எதற்கு? அவைத்தலைவர் கோப்பைக் கட்டிக்கொண்டே, "மசோதா நிறைவேறியது. அவை மூன்று மணிக்குக் கூடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அத்தனையும் எழுதியிருந்தேன்.

மாடிக்குப் போய்த் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் எங்கள் தலைமைச் சுருக்கெழுத்தாளர் வந்து பின்னால் நின்றார். மனிதர் நாற்பது பக்க அறிக்கையில் தப்பாக விழுந்த ஒரே ஒரு காற்புள்ளியைக் கண்டுபிடித்து விடுவார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் காற்புள்ளி. திரையில் வாத்தியாரின் மூன்று வரிகளையும் படித்துவிட்டு, "இதை எடுத்துடு. அடைப்புக்குறிக்குள்ள 'குறுக்கீடுகள்'னு போடு" என்றார்.

"கேட்டாரே சார். மூணு தடவை கேட்டார்."

"மைக்ல வரல. ஒலிப்பதிவுல இல்ல. உனக்கு அடுத்து வந்து உக்காந்தவர் குறிப்புலயும் குறுக்கீடுகள்னுதான் இருக்கு."

"மைக்ல வந்தாதான் பேச்சுன்னு எந்த விதியில சார் இருக்கு? அவையில சொன்னதுன்னுதான் விதி. நான் அவைக்குள்ளதான் உக்காந்திருந்தேன். எனக்குப் பக்கத்துல உக்காந்தவருக்கும் ரெண்டு காது இருக்கு, பயமும் இருக்கு. அது வேற விஷயம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா வீட்டு விஷயம் எனக்குத் தெரியும்மா. அதனாலதான் சொல்றேன். நாளைக்கு எவனாவது தோண்டினா, சொந்தக்காரனுக்காகப் பதிவேட்டையே மாத்திட்டாள்னு உன் தலையிலதான் விடியும். நான் சாப்ட்டு வரேன். மாத்தி வை."

அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பதினேழு வருடத்தில் நானே எத்தனை முறை 'குறுக்கீடுகள்' என்று போட்டிருப்பேன்? வெள்ளத்தில் போனவர்களின் பெயர்களை ஒரு அம்மாள் வாசித்துக்கொண்டே அழுதார், குறுக்கீடுகள். கணக்கைக் காட்டு என்று அரை மணி நேரம் கத்தினார்கள், குறுக்கீடுகள். கூட்டித் தள்ளுகிற குப்பைக்குக்கூட இதைவிட மரியாதையாக ஒரு கூடை உண்டு. அப்போதெல்லாம் அது யாரோ ஒருவரின் அக்கா, யாரோ ஒருவரின் மாமா. எனக்குக் கை வலிக்கவில்லை. இன்று என் வீட்டுக் கட்டிலுக்கு வந்த பிறகுதான் வலிக்கிறது என்று நினைத்தபோது அவைத்தலைவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் திரும்பியது.

எங்கள் அலுவலகத்தில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. பேசிய உறுப்பினருக்கு அவர் பேச்சின் தட்டச்சுப் பிரதியை அன்றைக்கே அனுப்புவோம். பிழை இருந்தால் திருத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தத் தாள் அவையின் சொத்து. அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு வரியை எடுக்க வேண்டுமென்றால் அவைத்தலைவர் தன் கைப்பட உத்தரவு எழுத வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. வாத்தியார் பேசவில்லை என்பது காற்புள்ளியின் வாதம். பேசாதவருக்குப் பிரதி கிடையாது. நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, எழுதுபலகையில் வைத்துக்கொண்டு, கடைநிலை ஊழியரிடம் கொடுத்தனுப்பாமல் நானே படியிறங்கினேன்.

வாத்தியார் உறுப்பினர்கள் கூடத்து ஜன்னலோரம் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கிப் படித்தார். "நான் பேசவே இல்லன்னுல்ல இப்பதான் தலைவர் ஆபீஸ்லேருந்து வந்து சொல்லிட்டுப் போறாங்க?" என்றார்.

"பேசினீங்க சார். நான் கேட்டேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார். பேனாவைத் திறந்தவர், "இங்க ஒண்ணு தப்பு. நான் நாலு தடவை கேட்டேன்" என்றார்.

மூன்றை நான்காக்கினால் யார் குடி முழுகிவிடும்? அவருக்கு அது பிடிக்கும், எனக்கும் அது உதவும். சுருக்கெழுத்துக்காரியாக இல்லாமல் கொழுந்தியாளாக மட்டும் வந்திருந்தால் நாற்பது முறை என்றுகூடப் போட்டிருப்பேன். "மூணு தடவைதான் சார். நாலாவதுக்கு நீங்க வாயைத் திறந்தீங்க. அதுக்குள்ள அவர் எழுந்து போயிட்டார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கடகடவென்று கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பித் தரும்போது, "உனக்கு இதனால வேலைக்கு ஏதாவது வந்துடுமேம்மா" என்றார். வரும் என்றேன். தாளோடு மாடிக்கு ஏறினேன்.

காற்புள்ளி சாப்பிட்டுவிட்டு வந்து தாளைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்றார். "வழக்கமான காரியம்தான் சார். பேசினவருக்குப் பிரதி போச்சு. திருத்தி வந்துடுச்சு" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். அவருக்கும் வீடு இருக்கிறது, ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, எனக்கு அதுவும் தெரியும். கடைசியில் எழுந்து, "இதை நான் கிழிக்க முடியாது. அவர்கிட்டயே கொண்டு போறேன். எடுக்கணும்னா அவரே எழுதித் தரட்டும். அவர் எழுதிக் குடுத்துட்டா அதுக்கப்புறம் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நீண்ட தாழ்வாரத்தின் கோடியிலிருந்த அவைத்தலைவர் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

போன் அடித்தது. அக்காதான். "டிவில சத்தமே வரலடி. அந்தத் தலைவர் மூஞ்சியையே காட்டிட்டிருந்தாங்க. அப்புறம் பாஸாயிடுச்சுன்னு கீழ எழுத்து ஓடுது. உன் மாமா காலையிலேருந்து சாப்பிடல. உன்கிட்ட என்னமோ கேக்கணுமாம்."

மாமா ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்தான் பேசுவார். "எல்லாரும்... சும்மாவா... உக்காந்திருந்தாங்க?" என்றார். மெஷின் போகப்போவதைக் கேட்கவில்லை, என் அக்காவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கவில்லை. சும்மாவா இருந்தார்கள் என்று கேட்டார்.

"இல்ல மாமா. ஒருத்தர் கேட்டார். இருங்க, படிக்கிறேன்" என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். கோடும் வளைவுமாக இருந்ததை வாய்விட்டுப் படித்தேன். எண்ணிக்கை வேணும் தலைவரே. நான் என் இடத்துலதான் நிக்கிறேன். எண்ணுங்க. எண்ணிக்கை வேணும் தலைவரே. எண்ணுங்க. எங்கள் அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"இன்னொரு... தடவை... படி" என்றார் மாமா.

படித்தேன். தாழ்வாரக் கோடியில் கதவு திறந்தது. காற்புள்ளி வெளியே வந்தார். கையில் தாள் இருந்தது. ஒரு தாளா, அதோடு அவைத்தலைவரின் உத்தரவும் சேர்ந்து இருக்கிறதா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை. என்னைப் பார்த்து, நிறுத்து என்பதுபோல் கையை உயர்த்தியபடி நடந்து வந்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். போனை இன்னும் நெருக்கமாக வாயருகே வைத்துக்கொண்டு, மூன்றாம் முறையாக, இந்தத் தடவை கத்தி, முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.