சுவரில் எடுத்த கண்

"யாரு கண்ணைடி சுரண்டிக்கிட்டு வந்தே?"

கணவனின் அக்கா யெலா இப்படிக் கேட்டபோது தோப்ரிலா சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். "யாரா இருந்தா என்ன மதினி? தலைக்குப் பின்னாடி பொன்வட்டம் இருந்துச்சு. புனிதர்தான்."

மகள் நெதாவின் கண்கள் குளிர்காலம் முழுக்கச் சீழ் கட்டி ஒட்டிக் கிடந்தன. பிள்ளைகளுக்குக் கண்நோவு வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் மடத்துக் கோயிலுக்குப் போவார்கள். சுவர்ச் சித்திரத்தில் நிற்கும் ஒரு புனிதரின் கண்ணைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, அந்தப் பொடியைத் தண்ணீரில் குழைத்து இமைமேல் தடவுவார்கள். துறவிகள் பார்த்தால் திட்டுவார்கள். பல சமயம் பார்க்காததுபோல் போய்விடுவார்கள். கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த புனிதர்களுக்கெல்லாம் எப்போதோ கண் போய்விட்டது. வடக்குச் சுவரில் புதிதாக எழுதிய வரிசை ஒன்றுதான் மிச்சம். வாசல் ஓரமாக நின்ற இளம் முகத்தைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள்.

"வாசல் ஓரத்துலயா?" யெலா வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடிப் பாவி! அது நம்மள ஆள்ற நெமானிச் வம்சத்து வரிசை. கடைசியா நிக்கிறது நம்ம எசமான் மகன் ரதிவோய். உசுரோட இருக்கிற மனுசன்!"

"உசுரோட இருக்கறவருக்கு எதுக்கு வட்டம் போட்டாங்க?"

"ராஜா குடும்பம்ல. தொட்டில்லயே வட்டத்தோடதான் படுத்திருப்பாங்க போல."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மருந்தும் பலித்தது. நெதாவின் வீக்கம் வற்றியது. ஒரு காலையில் அவளே கண் திறந்து, முற்றத்துப் பிளம் மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கையைக் கை நீட்டிக் காட்டினாள்.

கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றி வரும் கோவேறு கழுதைக்காரன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். தோப்ரிலா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னான்.

"சின்ன எசமான் கண்ணைப் பொசுக்கிட்டாங்கம்மா. பழுக்கக் காய்ச்சின இரும்பால. பெத்த அப்பன் ப்ரிபிஸ்லாவே உத்தரவு போட்டாராம்."

"என்னய்யா உளர்றே?" என்றாள் யெலா.

"நான் எதுக்கு உளர்றேன்? மகன் ஆள் சேர்த்து ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிறான்னு எவனோ காதுல ஓதியிருக்கான். கண்ணில்லாதவன் ஆள முடியாதுல்ல, அதான். போன ஞாயித்துக்கிழமை நடந்திருக்கு."

தோப்ரிலா கத்தியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனதும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். மாவுக்குள் புதைந்த கைகளை அவளால் வெளியே எடுக்க முடியவில்லை. கத்தி பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்த அந்த இரண்டு கறுப்பு விழிகளும் நினைவுக்கு வந்தன. எத்தனை சுலபமாக வந்துவிட்டன அவை!

நெதா ஓடி வந்து பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உன் மூக்குல மாவு!"

மகள் பார்க்கிறாள். தோப்ரிலா அந்தத் தெளிந்த கண்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. யெலா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சித்திரக்காரர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து குழைத்துக் கொடுப்பவன் தோப்ரிலாவின் கணவன் பொகோயே. அவன், "காய்ச்சலா?" என்று கேட்டான். அவள் தலையாட்டிவைத்தாள்.

சித்திர வேலை முடிந்ததைப் பார்க்க ப்ரிபிஸ்லாவ் வந்தார். ஊரே கோயிலுக்குள் திரண்டிருந்தது. சுவரில் இருந்த முன்னோர்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர், கோயிலின் கொடையாளர் என்பதற்கு அடையாளமாகக் கையில் சிறு கோயிலை ஏந்தி நிற்கும் தன் உருவத்தையும் பார்த்தார். தாடியைத் தடவியபடி அடுத்த உருவத்துக்கு நகர்ந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

மகனின் முகத்தில், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக இரண்டு குழிகள்.

மடத்துத் தலைவர் அப்போதுதான் அதைப் பார்த்திருப்பார் போலிருந்தது. அவர் உதடுகள் வெளுத்துவிட்டன.

"என்னைக் குத்திக் காட்டறது யாரு?" என்றார் ப்ரிபிஸ்லாவ்.

காவல் தலைவன் சுற்றிலும் பார்த்தான். சாந்துக் கரண்டியோடு சுவரோரம் நின்ற பொகோயே அவன் கண்ணில் பட்டான். "சுவத்துப் பக்கம் பொழுதன்னிக்கும் கெடக்கறவன் இவன்தான் எசமான்!" என்று அவனை இழுத்து வந்து, வலது கையைப் படிக்கல்லில் வைத்து மிதித்தான். பொகோயே, "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி, பிள்ளைகுட்டிக்காரன்" என்று கதறினான். வாள் உறையிலிருந்து வெளியே வந்தது.

"அவரை விடுங்க!"

பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தோப்ரிலா வந்தாள். யெலா அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். முக்காடு யெலா கையிலேயே தங்கிவிட்டது. கோயிலில் ஆண்டவரின் முன் தலைமுடி தெரிய நிற்பது எத்தனை பெரிய குற்றம் என்றுகூட தோப்ரிலாவுக்குத் தோன்றவில்லை.

"நான்தான் எசமான் எடுத்தேன். என் மகளுக்குக் கண்ணு அவிஞ்சு போற மாதிரி இருந்துச்சு. வட்டத்தைப் பார்த்துப் புனிதர்னு நெனச்சுட்டேன்."

ப்ரிபிஸ்லாவ் அவளையே பார்த்தார். "எப்போ?"

"அந்த ஞாயித்துக்கிழமை. காலையில." அவள் நிறுத்தவில்லை. "அந்தப் பாவம் உங்களுக்கு வேணாம் எசமான். ஊர்ல எல்லாரும் உங்களைத்தான் பேசறாங்க. அவங்களுக்குத் தெரியாது. சின்ன எசமானோட கண்ணை மொதல்ல எடுத்தவ நான். இங்க நான் எடுத்ததாலதான் அங்க உங்க வாயில அந்த வார்த்தை வந்துச்சு. இல்லேன்னா வருமா? பெத்த தகப்பன் தானா அப்படிச் சொல்லுவானா? என் கையை எடுத்துக்குங்க."

அவள் கணவனின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். அவள் வேஷம் போடவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. மடத்துத் தலைவர் முகத்தை மூடிக்கொண்டார்.

காவல் தலைவன் உத்தரவுக்காக நிமிர்ந்து பார்த்தான். எதையோ பிடித்துக்கொள்ளத் தேடுவதுபோல் ப்ரிபிஸ்லாவின் கை சுவரை நோக்கி நீண்டு, தொடாமலே இறங்கியது.

அவர் திரும்பினார். வாசல்படியில் கால் இடறியது. தாங்க வந்தவனை விலக்கினார். வெளியே குதிரையில் ஏறிக்கொண்டு, எந்த உத்தரவும் கொடுக்காமலே போய்விட்டார்.