தகட்டைப் படி

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவதுதான் என் பிழைப்பு. மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்கள் வாயை மூடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் நிற்கும் கட்டடத்தின் முகவரியே தெரியாது. பட்டனுக்கு மேலே ஒரு தகடு இருக்கும், அதில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்வேன். அதை வைத்து இடத்தைப் பிடித்துவிடுவோம். கதவு திறந்ததும் புகாரை முடித்துவிடவும் கூடாது. திறந்த கதவுக்கு முன்னால் காலெடுத்து வைக்கப் பயந்து உள்ளேயே நிற்பவர்கள் உண்டு. ஆள் வெளியே வந்துட்டாரா என்று கேட்டு, ஆமாம் என்று காதில் விழுந்தால்தான் முடிக்கலாம்.

வேலைப் புத்தி எங்கே போகும்? எந்த லிஃப்டில் ஏறினாலும் என் கண் தகட்டுக்குத்தான் போகும். அதற்காகவே என் தம்பி எனக்குத் 'தகடு' என்று பெயர் வைத்தான்.

அன்று மதியம் நான் ஆபீசில் இருந்தபோது அவன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டான். வேலை போனது, வீடு மாறியது எல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். புது முகவரியைக் கேட்டபோதெல்லாம் அப்புறம், அப்புறம் என்று தட்டிக்கழித்திருந்தான். குரலில் சுரத்தே இல்லை.

"முடியலக்கா. போதும்னு ஆயிடுச்சு. அம்மாவப் பாத்துக்கோ."

சாகணும்னு நினைக்கிறியாடா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்றான். அறைக்குள் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டேன். ஆள் அனுப்பினால் போனை வைத்துவிடுவேன் என்று மட்டும் சொன்னான்.

கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தேடினேன். எந்த நாட்டில் இருந்தாலும் உதவி உண்டு என்று ஒரு பக்கம் வந்தது. அவன் நாட்டைத் தட்டினால் மூன்று இலக்கத்தில் ஒரு எண். அது அந்த நாட்டுக்குள்ளிருந்து அடித்தால்தான் போகுமாம். இங்குள்ள அவசர எண்ணை மேசைப் போனில் அடித்தேன். எடுத்தவள் நல்லவள்தான், பாவம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அவளால் முடியாது. அந்த ஊர் போலீசின் முழு எண்ணைத் தேடச் சொன்னாள். எந்த ஊர் என்று தெரிந்தால்தானே தேட? இன்னொரு எண்ணில் பதிவுசெய்த குரல், அதன்பின் பாட்டு. நாசமாய்ப் போன பாட்டு. செத்துவிடலாமா என்று நினைக்கிறவன் காதில் பாட்டு வைக்கச் சொன்னது யார்? நடுநடுவே தம்பியிடம் இருக்கியா, இருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் ஓய்ந்துபோய்விட்டேன்.

அப்போது அவன் பக்கத்தில் டிங் என்று ஒரு சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது?

"டேய், அது லிஃப்டுதானே? உள்ள போய்த் தகட்டைப் படி."

இந்த நேரத்திலுமா தகடு என்று முனகினான். ஆனாலும் எழுந்து போனான். எண்ணைப் படித்தான், அதற்குக் கீழே இருந்த கம்பெனி போன் எண்ணையும் படித்தான்.

பக்கத்து மேசையில் எங்கள் மெக்கானிக் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிக் கைபேசியை அவர் கையில் திணித்தேன். பேச்சை விட்டுடாதீங்கண்ணே என்றேன். மனிதருக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் வராது. தம்பி, உங்க லிஃப்ட் கதவு மூடும்போது இழுக்குதா என்று ஆரம்பித்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கம்பெனி எண்ணை அடித்தேன். மணி அடித்த வேகத்தில் ஒரு பெண் எடுத்தாள். உலகம் பூரா சுற்றி, கடைசியில் மனிதக் குரல் லிஃப்ட் கம்பெனியில்தான் கிடைத்தது. அவள் ஆங்கிலமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. லிஃப்டுக்குள் யாரும் இல்லை, வெளியே ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறான், என் தம்பி என்று, தகட்டு எண்ணையும் சொல்லி விளக்கினேன். தனியாக இருக்கிறாரா, பேசுகிறாரா என்று கேட்டாள். நானும் அதைத்தான் தினமும் கேட்கிறேன். முகவரியை என்னிடம் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லையாம். நானே இங்கிருந்து அவசர எண்ணைக் கூப்பிடுகிறேன், நீ அவனை விடாதே என்றாள்.

கைபேசியைத் திரும்ப வாங்கினேன். அவனிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஆள் வருதுடா."

"தெரியும். தகட்டப் படிக்கும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன்டா படிச்ச?"

"தெரியலக்கா."

போனை அவன் வைக்கவில்லை. மறுபடி படியிலேயே போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். படியேறி வரும் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல், பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டது. உட்காருங்கள் என்றான் என் தம்பி. அப்புறம் பேசறேன்க்கா என்று வைத்தான். அந்த 'அப்புறம்' காதில் விழுந்ததும், மெக்கானிக் அண்ணன் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

மேசைப் போன் அடித்தது. அந்த லிஃப்ட் கம்பெனிப் பெண்தான்.

"ஆள் வெளியே வந்துட்டாரா?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது. தினமும் கேட்கிற பதில்தான், சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

"கதவு திறந்திருக்கு," என்றேன். "இன்னும் வரல."

"சரி," என்றாள். "அப்போ நான் புகாரை முடிக்கல."