பை காட்டும் பேய்

சமோசாத் தட்டோடு நின்ற மலர் திரையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்ப்பவர்களின் முகங்களைப் பார்த்தாள்.

பெங்களூரு வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்டின் கிளப் ஹவுஸில் சனிக்கிழமை மாலை. குடியிருப்போர் சங்கம் கேலிக் குறும்படங்களைத் திரையிட்டது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், எந்த வகைப் படத்தையும் கேலி செய்யலாம் என்று அறிவித்திருந்தார்கள். போலீஸ் படத்தைக் கேலி செய்த ஒன்று முடிந்தது. பிறகு காதல் படத்தை. கதாநாயகி மழையில் ஆடிவிட்டு நிமோனியாவில் படுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது பேய்ப் படம். அதில் பேய், மலர்.

எடுத்தவன் அவள் தம்பி பாலகுமார். மர்பி டவுனில் அவளுக்குப் பக்கத்து வீடு. கார் ஓட்டுகிறான், கிடைத்த நேரத்தில் செல்போனில் படம் எடுக்கிறான். கதை மலருடையது. அவளும், இதே அபார்ட்மென்ட்டில் வீட்டுவேலை செய்யும் சந்திரம்மாவும் டீ குடித்துக்கொண்டே சொல்லிச் சிரித்தது. ஒரு வேலைக்காரி செத்துப் பேயாகிறாள். பழிவாங்க வருகிறாள். குடியிருப்பின் செல்போன் ஆப்பில் அனுமதி வரவில்லை என்று கேட்டில் நிறுத்துகிறார்கள். நிற்கிறாள். சுவரைத் துளைத்துப் போகத் தெரிந்த பேய், சர்வீஸ் லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் முதலாளியம்மாவின் கழுத்தை நெரிக்கிறது. வெளியே வரும்போது பிணத்துக்கு முன்னால் தன் பையைத் திறந்து காட்டுகிறது.

"பேக் நோடி மேடம், நான் கிளம்பறேன்."

பையைப் பாருங்கள் மேடம். தினமும் ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் வேலைக்காரப் பெண்கள் பாதி கன்னடத்தில் சொல்வது அது.

படத்தை இங்கே அனுப்பியிருப்பதை பாலகுமார் போன வாரம்தான் சொன்னான்.

"டேய், புத்தி கீதா உனுக்கு? நான் வேலை செய்ற எடம்டா அது."

"அதுக்குதான்க்கா அனுப்சேன். வேற எவன் பாத்து இன்னா? அவுங்க பாக்கணும்."

"கண்டுபுடிச்சிட்டா?"

"மூஞ்சி மேல முடி. முடி மேல கோலமாவு. உன் புருசனே யாருடா இந்த பொம்பளன்னு கேட்டாரு."

"கொரலு?"

"உன் கொரலு எவன் கவனிச்சான்?"

"வாபஸ் வாங்கிடு பாலா. கால்ல வேணா வுழறேன்."

"செலக்ட் ஆயிடுச்சுக்கா. இனிமே ஆவாது."

ஒரு வீட்டில் நிறுத்தினால் இன்னொரு வீடு பார்த்துக்கொள்ளலாம். ஆப்பில் பெயர் சிவப்பானால் கேட்டே திறக்காது. அவள் வேலை செய்யும் நாலு வீடும் ஒன்றாகப் போகும். பக்கத்து அபார்ட்மென்ட்டிலும் அதே ஆப்.

படம் ஓடியது. கேட் காட்சியில் கூட்டம் சிரித்தது. பேய் சர்வீஸ் லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றபோது கைதட்டினார்கள். மலர் காலையில் வேலை செய்யும் வீட்டு ஷில்பா மேடம் முன்வரிசையில் இருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மலருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

படத்தில் லிஃப்ட் திறந்தது. லிஃப்ட்டுக்குள் பலகை. இதில் ஏற்ற வேண்டியவை: நாய், குப்பை, வேலையாட்கள்.

சிரிப்பு ஒரு மூலையில் நின்றது. பிறகு மற்ற மூலைகளிலும்.

"இது நம்ம போர்டு" என்றார் யாரோ.

படத்துக்கான பலகையை மர்பி டவுனில் பழைய பிளைவுட்டில் எழுதினார்கள். வரிசை மாறாமல் சொன்னவள் சந்திரம்மா. அவள் இப்போது மறுகோடியில் டீ ஃபிளாஸ்க்கோடு நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

படம் முடிந்ததும் சங்கச் செயலாளர் நரேஷ் எழுந்து விளக்கைப் போட்டார்.

"சூப்பர் படம். எனக்கு ரொம்பப் பிடிச்சுது" என்றார். "ஒரே ஒரு டவுட். நம்ம லிஃப்ட் உள்ளே என்ன எழுதியிருக்குன்னு இவங்களுக்கு யார் சொன்னது? இன்னிக்கு போர்டு. நாளைக்கு எந்த வீட்டு பீரோ எங்கே இருக்குன்னு படம் எடுப்பாங்க."

"அந்தப் பேயே இங்க சமோசா கொடுத்துட்டு இருக்கோ என்னமோ!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நரேஷும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டீயும் சமோசாவும் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பினார்.

"ஆடிஷன் வெச்சுடலாமா? அந்த டயலாக்க ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நல்லா சொன்னா கிஃப்ட் கூப்பன்."

தட்டுகளை வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். செல்போன்கள் உயர்ந்தன. சந்திரம்மா முதலில் நின்றாள். மலர் கடைசிக்குப் போனாள்.

"பேக் நோடி மேடம், நான் கிளம்பறேன்" என்றாள் சந்திரம்மா.

"ஐயோ, அதே மாதிரி!" கைதட்டல்.

அடுத்தவள் சொன்னாள். அவளும் அதே மாதிரி. அதற்கடுத்தவளும். கழுத்து ஒரே அளவு குனிந்தது. கண் எதிரில் இருப்பவரின் காலில் நின்றது. கடைசிச் சொல்லில் குரல் ஒரே இடத்தில் இறங்கியது. நாலாவது பெண் சொன்னபோது கைதட்டல் இல்லை. ஒருவர் செல்போனைக் கீழே இறக்கினார்.

மலர் இதைக் கவனிக்கவில்லை. எப்படி மாற்றிச் சொல்வது என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

அவள் முறை. தலையை நிமிர்த்தினாள். பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல உரக்க, வேகமாகச் சொன்னாள்.

"பேக் நோடி மேடம். நான். கிளம்பறேன்."

"இவங்க இல்ல" என்றார் நரேஷ். "நடிப்பு சுத்தமா வரல."

சிலர் சிரித்தார்கள். மலர் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

"மலர், இரு."

ஷில்பா எழுந்து வந்து அவளுக்கு நேரெதிரில் நின்றாள்.

"தினம் எங்கிட்ட சொல்வியே, அப்படிச் சொல்லு."

மலர் சிரிக்கப் பார்த்தாள். ஷில்பா சிரிக்கவில்லை. அவ்வளவு அருகில் அவளை நிமிர்ந்து பார்க்க மலருக்கு வரவில்லை. கழுத்து தானாகக் குனிந்தது.

"பேக் நோடி மேடம், நான் கிளம்பறேன்."



"எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. இதுல என்ன?" என்றார் நரேஷ்.

"இதையேதான் சொன்னாங்க" என்றாள் ஷில்பா. "இவ மட்டும் ஏன் முதல்ல மாத்தினா?"

நரேஷுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் செல்போனை எடுத்தார். ஆப்பைத் திறந்தார். மலரின் போட்டோ சின்னதாகத் தெரிந்தது. அதன் மேல் அவர் கட்டைவிரல் நின்றது.

"உன்கூட வேற யாரு?"

மலர் கீழே வைத்த தட்டைப் பார்த்தாள்.

"போர்டுல இருந்தது யார் சொன்னது? பேரச் சொல்லு. சொன்னா உன்ன விடலாமான்னு கமிட்டியில பேசறேன்."

வரிசையின் மறுகோடியில் சந்திரம்மா காலடியில் வைத்திருந்த ஃபிளாஸ்க்கைத் தூக்கினாள். மூடி கழன்று தரையில் உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை. காலையில் இருவரும் ஒரே மெட்ரோவில் வந்தார்கள். ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.

கட்டைவிரல் இன்னும் அங்கேயே இருந்தது.

"யாரும் இல்ல சார்" என்றாள் மலர். "தெனம் அந்த லிஃப்ட்லதான் வரேன். நானே பாத்து வெச்சிக்கினேன்."

"இவங்கள்ல யாருமே இல்ல?"

மலர் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சந்திரம்மாவின் முகத்தில் மற்ற முகங்களில் நின்ற அளவுக்குத்தான் நின்றாள்.

"இவுங்களா? பேரு கூட தெரியாது சார். வேலைக்கு வந்தா வேலை. யாராண்டயும் பேச்சு வெச்சிக்கறதில்ல."

நரேஷ் அவளை உற்றுப் பார்த்தார். ஷில்பாவும் பார்த்தாள். மலர் அசையவில்லை.

"சரி" என்றார் நரேஷ். அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது. கட்டைவிரல் அழுத்தியது. ஆப்பில் மலரின் பெயர் சிவப்பானது. மற்ற பெண்களிடம் கை காட்டினார். "நீங்க போங்க. டீ கொடுங்க."

அவர்கள் போனார்கள். சந்திரம்மாவும் போனாள்.

விளக்கு அணைந்தது. அடுத்தது குடும்பப் படத்தைக் கேலி செய்வது. மலர் திரைக்கு முன்னாலேயே நின்றாள். எந்தப் பக்கம் போவதென்று கால்களுக்குத் தெரியவில்லை. படத்தின் வெளிச்சம் அவள் மேல் விழுந்து ஓடியது.

"ஓரமா நில்லும்மா" என்றார் இருட்டிலிருந்து ஒருவர். "மறைக்குது."