முதல் பரிசு வாங்கிய பிள்ளை

அந்த விரலைப் பார்த்ததுமே நாகவல்லிக்குக் குமட்டியது. மூக்குப்பொடிக் கறை ஏறிய ஆள்காட்டி விரல். நகத்துக்கடியில் என்ன கர்மமெல்லாம் இருந்ததோ! அந்த விரலால்தான் பால்பவுடர் கம்பெனி ஏஜெண்டு ஜெயராமன், அவள் பிள்ளை வேம்புலியின் நாக்கை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

"நாக்க உள்ள இஸ்துக்கோடா ராஜா! கேலண்டர்ல வரப்போற மூஞ்சி, நாக்கத் தொங்கப் போட்டுகினு கீதே!"

போனால்தானே? பிறந்த நாளிலிருந்தே வாயில் அடங்காத நாக்கு. ஜெயராமன் டின்னிலிருந்து பவுடரைத் தொட்டு அந்த நாக்கில் தடவினான். பிள்ளை சப்புக் கொட்டியது. ஒரு விநாடி நாக்கு உள்ளே போனதும் போட்டோக்காரன் பளிச்சென்று அடித்துவிட்டான். கூட்டம் கைதட்டியது. த்தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது நாகவல்லிக்கு. முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

எழுபத்து நாலாம் வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிலாளர் மனமகிழ் மன்றத்து ஆண்டு விழா. அதில் கொழுகொழு குழந்தைப் போட்டி. தராசுத் தட்டில் பிள்ளையை உட்கார வைப்பார்கள். எந்தப் பிள்ளை அதிகம் எடையோ அதுதான் ஆரோக்கியம். வேம்புலிக்குப் பதினாலு மாசம், பதினாறு கிலோ. மற்றப் பிள்ளைகள் எல்லாம் அவன் பக்கத்தில் காய்ந்த கருவாடு. முதல் பரிசாக வெள்ளிக் கோப்பை, ஒரு வருஷத்துக்குப் பால்பவுடர், கம்பெனி கேலண்டரில் படம். லேத் பட்டறைக்காரனான அவள் புருஷன் துலுக்கானம் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தான். வந்தவன் போனவன் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினான், தொடையை அமுக்கினான். ஒருத்தி வெற்றிலை வாயோடு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மேடையில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஆள்தான். நடுவராக வந்திருந்த குழந்தை டாக்டர் ஞானகுமாரி. கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மாள் இறங்கி வந்து வேம்புலியின் காது மடலை மெல்லத் திருப்பிப் பார்த்தார். மடலில் பிளேடால் கீறியதுபோல் இரண்டு கோடுகள். பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார். இடது காலில் தண்டை சரியாக இருந்தது. வலது காலில் அது கொக்கி மாட்டாமல், மஞ்சள் நூல் போட்டுக் கட்டியிருந்தது.

"இந்தக் கால் எப்பவுமே பருமனா?"

"பந்து ஒதைக்கிற காலு டாக்டரம்மா!" என்று துலுக்கானம் சிரித்தான்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லி, அடுத்த வாரம் கட்டாயம் கொண்டுவரச் சொன்னார்.

போனார்கள். அது இன்னொரு கண்றாவி. பிள்ளையை அம்மணமாக மேஜையில் கிடத்தினார்கள். டேப் வைத்துக் காலை அளந்தார்கள், கையை அளந்தார்கள், நாக்கைக்கூட அளந்தார்கள். கண்ணுக்கு மேல் கறுப்புக் காகிதம் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள், ஏதோ திருடனைப் பிடித்துவந்த மாதிரி! டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் வரிசையில் வந்து ஆளுக்கொரு தரம் வயிற்றில் கை வைத்தார்கள். அதில் ஒருத்தன், "இந்த மாதிரி கேஸ் கெடைக்கவே கெடைக்காதுடா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் பூரித்துப் போய்ச் சொன்னான். இவன் என்ன, லாட்டரிச் சீட்டா? அங்கே போட்டோக்காரனுக்கு மூஞ்சி வேண்டியிருந்தது, இங்கே மிச்சமெல்லாம். எங்கே போனாலும் பிள்ளையின் மேல் யாராவது கை என்று நாகவல்லிக்கு எரிந்தது.

எல்லாரையும் அனுப்பிவிட்டு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. இது கொழுப்பு இல்ல, ஊட்டமும் இல்ல. கருவுலயே அளவு மீறி வளர்ற ஒரு கோளாறு. வெளிநாட்டுல இப்போ பத்து வருஷமாத்தான் இதப் பத்தி எழுதுறாங்க. நானும் இங்க இருக்குற பிள்ளைங்கள ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சு எழுதிக்கிட்டிருக்கேன். நிறைய பிள்ளைங்க நல்லாத்தான் வளருது. சிலதுக்கு மட்டும் வயித்துல, சிறுநீரகத்துல கட்டி வரும். புத்துநோய்க் கட்டி. சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிச்சா எடுத்துடலாம். சில குடும்பத்துல இது வழிவழியா வருது. அதனால யோசிச்சுச் சொல்லு. உங்க ரெண்டு பேர் வீட்டுலயும், இந்த மாதிரி நாக்கு, இந்த மாதிரி காது, வயித்துக் கட்டி, யாருக்காவது உண்டா?"

"எங்க ஊட்ல அந்த மாரி ஒண்ணியும் கெடையாது" என்றான் துலுக்கானம். அவன் சொன்னது உண்மை.

நாகவல்லி முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஊட்லயும் கெடையாதும்மா" என்றாள்.

பச்சைப் பொய். அவளுடைய அக்கா கன்னியம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்தான். அவனுக்கும் நாக்கு வெளியே தொங்கும், காதில் கோடு இருக்கும். இரண்டரை வயசில் வயிறு ஒரு பக்கம் கல்லாகிச் செத்தான். 'கட்டிப் புள்ள பெத்தவ' என்று பேர் வைத்து அக்காவைப் புகுந்த வீட்டில் துரத்திவிட்டார்கள். இன்றைக்கும் திருநின்றவூர் பக்கம் சூளையில் கல் சுமக்கிறாள். சின்னவள் நாகவல்லிக்கு வரன் வந்தபோது அப்பா அந்தப் பிள்ளை காமாலையில் போனதாகச் சொல்லிவிட்டார். துலுக்கானத்துக்குத் தெரிந்ததும் காமாலைதான்.

"அப்படின்னா பயம் கொஞ்சம் கம்மிதான்" என்றார் டாக்டர். "இருந்தாலும் மூணு மாசத்துக்கு ஒரு தரம் வரணும். நான் வயித்தத் தொட்டுப் பாக்கணும்."

மூணு மாசம் கழிந்து அக்டோபர் வந்தது. நாகவல்லி பிள்ளையின் சட்டையை எடுத்து வைத்தாள். துலுக்கானம் தடுத்துவிட்டான். "இன்னாத்துக்குப் போவணும்? அம்மணமாப் படம் புடிக்கவா? வம்சத்துலயே இல்லேன்னு நீதானே உன் வாயால சொன்ன?"

அவள் சட்டையை மடித்து வைத்தாள். அந்தப் பையன்களின் கையில் மறுபடி பிள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது அவளுக்கு. அதை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்குத் தன்மேலேயே காறி உமிழத் தோன்றும்.

டிசம்பரில் கேலண்டர் வந்தது. வரைந்தவன் நாக்கை வாய்க்குள் வைத்து, காதைக் கோடில்லாமல் வழுவழுவென்று தீட்டி, இரண்டு காலையும் ஒரே பருமனாக்கி, பக்கத்தில் ஒரு டின்னையும் நிறுத்தியிருந்தான். துலுக்கானம் வாசல் கதவுக்கு நேராக ஆணி அடித்து மாட்டினான். அவர்கள் ஊரான பருத்திப்பட்டே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் வேம்புலி பால் குடிக்கவில்லை. இடுப்பில் தூக்கினால் வீரிட்டான். அரைத்துணியில் மூத்திரம் செம்மண் கரைசல்போல் பட்டிருந்தது. வயிற்றின் இடது பக்கம் விண்ணென்று இருந்தது. துலுக்கானம் ஓடிப்போய்க் குடல் தட்டுகிற வைத்தியக்காரி சொர்ணத்தை அழைத்து வந்தான்.

சொர்ணம் வெற்றிலையை அதக்கிக்கொண்டே வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். கடைவாயில் சிவப்பாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அதே கையில் விளக்கெண்ணெயை ஊற்றினாள்.

"குடல் ஏறிக்கினு கீது நைனா. நல்லா அமுக்கி வழிச்சு வுட்டா ஒரு நாழில எறங்கிப்பூடும். போட்டி புள்ளன்னு கண்டதையும் ஊட்டியிருக்கீங்க. ஏ பொண்ணு, காலக் கெட்டியா புடிச்சுக்கோ. ஒதைக்கக் கூடாது."

நாகவல்லி குனிந்து பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் பிடித்தாள். ஒன்று பருமன், ஒன்று ஒல்லி.

பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இப்படி இரண்டு கால்களை அவள் முன்னேயும் பிடித்திருக்கிறாள். பதினாலு வயசில், அப்பா வீட்டு மணைப்பலகை பக்கத்தில். அன்றைக்கும் விளக்கெண்ணெய் நாற்றம். அன்றைக்கும், "ஏ பொண்ணு, காலப் புடி" என்றுதான் சொன்னார்கள். அக்கா பிள்ளை துடித்தான், சமர்த்துப் பெண் என்று பேர் வாங்க அவள் இறுக்கிப் பிடித்தாள். வயிற்றுக்குள் என்னவோ உடைந்து, மூன்றாம் நாள் போய்விட்டான்.

எண்ணெய்க் கை வயிற்றில் படப்போகிற நேரம். நாகவல்லி காலை விட்டுவிட்டுச் சொர்ணத்தின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"இன்னாடி, பேய் புட்ச்சுதா?" துலுக்கானம் கத்தினான்.

"எங்கக்கா புள்ள காமாலைல சாவல. இதே நாக்கு, இதே காது, இதே கட்டி. இதே மாரி அமுக்கித்தான் கொன்னோம்."

துலுக்கானத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வியைப் பாருங்கள்!

"அப்போ உங்கப்பன் என்னிய ஏமாத்தித்தான் உன்னக் கட்டி வெச்சானா?"

பிள்ளை வயிற்றில் கட்டி, இவனுக்குக் கல்யாணக் கணக்கு! ஆனால் எந்த வாயால் அவனைத் திட்டுவது? துரத்திவிடுவானே என்று பயந்து அவளும் இதே கணக்கைத்தானே போட்டாள்? பிள்ளையை வைத்துத்தானே போட்டாள்? சீ.

"ஆமா, ஏமாத்தித்தான். நானும் சேந்துதான் ஏமாத்தினேன். தொரத்தறதுன்னா அப்பறமா தொரத்து. இப்போ போய் வண்டி புடி."

அவன் கேலண்டரைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஆவடியில் ரயில் ஏறினார்கள். அம்பத்தூரில் ஏறிய ஒரு கும்பல் பிள்ளையை அடையாளம் கண்டுபிடித்துவிட்டது. "அட, கேலண்டர் புள்ள மாமே! ஒடம்பப் பாரு, இன்னாமா கீறான்!" ஒருத்தன் வயிற்றை நோக்கி விரலை நீட்டினான். நீட்டிய கையைப் பிடித்தது துலுக்கானம்தான்.

"தொடாதே. கையி ஒடஞ்சிடும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானகுமாரி கையைச் சூடு பண்ணிக்கொண்டு வேம்புலியின் வயிற்றில் வைத்தார். பூவைத் தொடுகிற மாதிரி வைத்தார். இடது பக்கத்தில் கை நின்றது.

"யாராவது அமுக்கினாங்களா? வழிச்சு விட்டாங்களா? மறைக்காம சொல்லு."

"இல்ல. கை வெக்கப் போனாங்க. வுடல."

டாக்டர் மூச்சு விட்டார். "ஆரஞ்சு அளவு இருக்கு. உடையல. நாளைக்கே ஆபரேஷன். ஒரு சிறுநீரகம் போகும், இன்னொண்ணு போதும். அக்டோபர்ல வந்திருந்தா இன்னும் சின்னதா புடிச்சிருக்கலாம்." அவர் குரல் ஏறியது. "வீட்டுல யாருக்காவது உண்டான்னு அன்னிக்குக் கேட்டேனே!"

"கேட்டீங்க. பொய் சொன்னேன். எங்கக்கா புள்ளைக்கும் இதே கட்டி. செத்துட்டான்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை நாகவல்லி அறிவாள். ஜெயராமனின் விரலை, சொர்ணத்தின் கையைத் தான் பார்த்த அதே பார்வை. அது இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. திரும்ப வேண்டியதுதான்.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து, முதல் தரம் வந்தபோது அவர்களைக் கேட்டு எழுதிய தாளை எடுத்தார். அதில் குடும்பம் முழுக்க ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகப் போட்டிருந்தது. கன்னியம்மாவின் வட்டத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் அங்கே ஒரு சின்னக் கட்டம் போட்டு, செத்ததற்கு அடையாளமாகக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"ஆம்பளப் பிள்ளதானே? எந்த வயசுல?"

"ரெண்டர. பேரு ஆனந்தன்."

"பேரு தேவையில்லம்மா."

"எழுதுங்கம்மா. இத்தினி வருசமா எங்க ஊட்ல அந்தப் பேர யாரும் சொன்னதே இல்ல."

டாக்டர் எழுதினார். துலுக்கானம் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். நாகவல்லி தன் இரண்டு கைகளையும் அந்தத் தாளின் மேல் விரித்து வைத்தாள்.

"அவனப் போட்டு அமுக்கும்போது காலப் புடிச்சுக்கினவ நான்தான். அதையும் எழுதிக்கோங்க."