சங்கீதா மேல் ஒட்டிய அம்புகள்

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கராக இருக்கும் சங்கீதாவின் தொண்டைக்குழியில் ஒரு சிவப்பு அம்பு முளைத்திருந்தது. கம்பெனியில் அவள் தினமும் ஒட்டுகிற, நகம் அளவு ஸ்டிக்கர்தான். ஷூவின் தோலில் கீறலோ தையல் விலகலோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டி அம்பு ஒட்டி ரிப்பேர் மேசைக்கு அனுப்ப வேண்டும். பழுதைச் சரிசெய்யாமல் அம்பைப் பிய்த்தால் வேலை போய்விடும். பதினோரு வருஷமாக அந்தச் சட்டத்தை மீறாதவள், தன் தொண்டையில் இருந்ததை மட்டும் பல் தேய்க்கும் முன்பே பிய்த்தெறிந்தாள். மறுநாள் அங்கே இரண்டு இருந்தன.

சங்கீதாவுக்குப் பயம் புதிதல்ல. போன் அடித்தால் சாவுச் செய்தி, லாரி பிரேக் போட்டால் மகள் ஷர்மிளாவின் பள்ளி வேன். பயம் எங்கே பிடித்ததோ அங்கெல்லாம் அம்பு வந்தது. நெஞ்சில், வயிற்றில், மணிக்கட்டில். அவள் பசை கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைக்கத் துடைக்க அவை இரட்டித்து, தீபாவளிக்குள் நாற்பதைத் தாண்டின. பக்கத்து வீட்டு ஜஹீதா தாயத்து கட்டச் சொன்னாள், எதிர்வீட்டுக்காரி சோளிங்கர் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். இரண்டையும் செய்தாள். பிய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

தை மாதம் எட்டு வயது ஷர்மிளாவின் வயிற்றில் ஓர் அம்பு வந்தது. சங்கீதா பதறிப்போய் அதையும் பிய்த்தாள். மறுநாள் குழந்தைக்கு இரண்டு. அன்று மதியமே தோல் குடோனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சத்துவாச்சாரியில் தனியாக மனநல ஆலோசனை நடத்தும் கிறிஸ்டினாவுக்குப் போன் செய்தாள். செவ்வாய் நாலு மணி, ஐம்பது நிமிஷம், வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர பேசியது அறையைத் தாண்டாது என்று கிறிஸ்டினா நிதானமாகச் சொல்லி, ஒரு படிவம் அனுப்பினார். சங்கீதாவுக்குத் தெரிந்த படிவம் ஒன்றுதான், கம்பெனியில் பழுது எழுதுவது. பழுது, இடம், எண்ணிக்கை என்று கோடு போட்டு நிரப்பி, எத்தனை அம்புக்கு மேல் ரிஜெக்ட் என்று அடியில் கேட்டிருந்தாள். கிறிஸ்டினா உடனே கூப்பிட்டார்.

"இங்க ரிஜெக்ட் எல்லாம் கெடையாதுங்க. ஒண்ணு மட்டும் செய்ங்க. இனிமே எதையும் பிய்க்காதீங்க."

பர்மிஷன் கேட்க, பல்வலி என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தாள். சூப்பர்வைசர் ரஃபி அகமது முன்னால் அது வாயில் வரவில்லை, மனசுக்குப் பார்க்கப் போகிறேன் என்று உண்மையே வந்துவிட்டது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செவ்வாய்தோறும் என்றால் காலையில் அரை மணி முன்னால் வந்துவிடம்மா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் படபடப்பு தாங்காமல் பாதி வழியில் பள்ளிகொண்டாவிலேயே இறங்கிவிடப் பார்த்தாள். சத்துவாச்சாரி மாடிப்படிக்குக் கீழே மூன்று தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்த பிறகுதான் ஏறினாள். கிறிஸ்டினா அம்புகளை எண்ணவில்லை, முதலில் வந்தது எது என்று கேட்டார். தொண்டையைப் பற்றி மட்டுமே ஐம்பது நிமிஷம் போனது. ஓர் அம்பும் உதிரவில்லை.

வீடு வந்து சேர ஏழாகிவிட்டது. வாசலிலேயே நின்ற ஷர்மிளா சட்டையைத் தூக்கிக் காட்டினாள். மூன்றாகியிருந்தது. சங்கீதாவின் கை பழக்கத்தில் அங்கே போனது. பிய்க்காமல், வெறுமனே அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னா பயம் பாப்பா?"

"நீ பஸ்ல போய்ட்டு வரலைன்னா?"

என்ன பயம் என்ற கேள்வியை இத்தனை மாதமாகச் சங்கீதா தன்னிடம்கூட ஒரு தடவையும் கேட்டதில்லை. "எனக்கும் அந்த பயம் இருந்துச்சு," என்றாள். "இருந்துச்சு, வந்துட்டேன். அடுத்த வாரமும் போய்ட்டு வந்துடுவேன்."

மறுநாள் காலை மூன்று கூடாமல் மூன்றாகவே இருந்தது. ஷர்மிளா அதன்மேல் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.