சாவி உள்ளே இருந்தது

கனடாவின் ரெஜைனா நகரில் அந்த ஜனவரிக் குளிர் மைனஸ் முப்பத்தைந்தைத் தொட்ட வாரத்திலும் மார்லீனுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. காரணம், எதிர்வீட்டு ட்ரினா.

ட்ரினா செய்த தப்பு, ஊரில் பாதிப்பேர் குளிர்காலத்தில் செய்கிற தப்புதான். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் காரைக் கிளப்பி, சூடாகட்டும் என்று சாவியை அதிலேயே விட்டுவிட்டு, உள்ளே போய்க் காப்பி குடித்தாள். திரும்பி வந்து பார்த்தால் பனியில் டயர் தடம்தான் மிச்சம். அன்றிலிருந்து மார்லீனின் புருஷன் ஆர்னி அவளைத் தினமும் தன் பிக்கப் வண்டியில் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அவனுடைய எஃகு ஆலைக்குப் போகிற வழியில்தான் அவள் வேலை செய்யும் பல் கிளினிக். மார்லீன் வேலை செய்யும் பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. அவள் தன் காரில் தனியாகப் போவாள்.

வழியில்தானே, போகட்டும். ஆனால் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தால், ட்ரினா ஏதோ சொல்கிறாள், ஆர்னி தலையைச் சாய்த்துச் சிரிக்கிறான். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, வீட்டில் அவன் அப்படிச் சிரித்தது கடைசியாக எப்போது என்று நினைவில்லை. அந்தச் சிரிப்பு யார் வீட்டுச் சொத்து?

புதன்கிழமை மாலை சமூகக் கூடத்தில் மாதாந்திரக் கூட்டம். தெருக் கண்காணிப்புக் குழுவுக்கு மார்லீன்தான் தலைவி. கான்ஸ்டபிள் ஹலுஷ்சாக், உடைக்கப்பட்ட கராஜ்களையும் காணாமல் போன சைக்கிள்களையும் வாசித்து முடித்துவிட்டுக் கார்களுக்கு வந்தார்.

"போன மாசம் இந்தப் பக்கம் மட்டும் பத்தொம்பது வண்டி போயிருக்கு. அதுல பதினாலுல சாவி உள்ளயே இருந்திருக்கு. திருடன் கண்ணாடிய உடைக்கல, பூட்ட நெம்பல. ஏறி உக்காந்தான், போயிட்டான். ஹீட்டர் வேற போட்டுக் குடுத்திருக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மார்லீன் விடுவாளா?

"அஞ்சு வருஷமா ஒவ்வொரு கூட்டத்துலயும் தொண்ட கிழியக் கத்துறேன். சாவிய உள்ள விடாதீங்க, விடாதீங்கன்னு. சில பேருக்குக் காது இருக்கிறது தொப்பி மாட்டத்தான் போல."

எல்லாத் தலையும் ட்ரினா பக்கம் திரும்பியது. அவள் கண் கலங்கிவிட்டது. உடனே ஆர்னி எழுந்து போய்த் தன் கைக்குட்டையை நீட்டினான். மார்லீன் துவைத்து மடித்து வைத்த கைக்குட்டை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள். "கைக்குட்டை வரைக்கும் போயாச்சா?"

"அழுதுட்டிருந்தா, மார்ல். பாவம்."

"நான் அழுதா?"

"நீ எதுக்கு அழப்போற?" ஆர்னி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "நீ உஷாரான ஆளு. உனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

பாராட்டித்தான் சொன்னான். அவளுக்கோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தொலைப்பவளுக்குக் கைக்குட்டை, காப்பவளுக்கு ஒன்றுமில்லை. நல்ல நியாயம்!

மறுநாள் காலை ஆர்னியின் பிக்கப் ட்ரினாவை ஏற்றிக்கொண்டு போனதும், மார்லீன் தன் காரைக் கிளப்பினாள். சாவியை எடுக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. உள்ளே வந்து காப்பி ஊற்றிக்கொண்டாள். கார் போனால் ஆர்னி அவளையும் ஏற்றித்தான் ஆக வேண்டும். பெண்டாட்டி முன்னால் உட்காருவாள், ட்ரினா பின்சீட்டில் ஒடுங்கிக்கொள்ளட்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அசட்டுத்தனம், சாவியை எடுத்துவிடு என்று இரண்டு தடவை வாசற்கதவு வரை போனாள். மூன்றாம் தடவை போகும்போது எஞ்சின் சத்தம் நகர்ந்தது. அவளுடைய கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் இண்டிகேட்டர்கூடப் போடவில்லை.

ஹலுஷ்சாக்கே வந்தார். "சாவி எங்கம்மா இருந்துச்சு?"

"உள்ளே."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், தலைவி தலைகாட்ட முடியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மார்லீன் அதைப் பொறுத்துக்கொண்டாள். ஏனென்றால் அவள் ஃபோன் செய்ததும், ட்ரினாவைக் கிளினிக்கில் இறக்கிவிட்டு ஆர்னி வேலைக்குக்கூடப் போகாமல் திரும்பி வந்திருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளைக் கட்டிக்கொண்டான். எத்தனை நாளாயிற்று! அவள் அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இதற்காகவே காத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"நாளைலருந்து நான் எப்படி ஆர்னி வேலைக்குப் போறது?"

"அட, அதுக்கா அழற? நீ ஃபோன் பண்ணினதுமே ட்ரினாகிட்டப் பேசிட்டேன். இன்ஷூரன்ஸ்காரங்க அவளுக்குப் புது வண்டி குடுத்துட்டாங்க, இன்னிக்குச் சாயந்தரம் கைக்கு வருது. இனிமே நான் அவளக் கூட்டிட்டுப் போக வேணாம். கொஞ்சம் சுத்தினாலும் பரவால்ல, மார்லீன நானே ஸ்கூல்ல விட்டுடறேன்னுட்டா." ஆர்னி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "நேத்து அந்தப் பேச்சுப் பேசினியே, மனசுல வெச்சுக்கல பாரு. தங்கமான பொண்ணு."

ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். மார்லீன் அவன் கோட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.